விதியாகிப்போன ‘லைக்’கும் விஷமாகிப்போன மரமும்

ஆங்கிலத் தேர்வு நெருங்கும்போது மாணவர் கையில் ஒரு பக்கத் திருப்புதல் தாள் தரப்படுகிறது. இடப்பக்கம் பெயர்கள்: சிமிலி, மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன், அலிட்டரேஷன், சிம்பல், தீம், டோன், இன்ஃபரன்ஸ். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒருவரி வரையறை, ஓர் எடுத்துக்காட்டு. இதை மனனம் செய்தவர் இலக்கியம் வாசிக்கக் கற்றுக்கொண்டார் என்று பள்ளி நம்புகிறது. வாரியம் மதிப்பெண் தருகிறது. கல்லூரியும் அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது. அத்தாளிலுள்ள வரையறைகளில் பல ஆங்கிலத்துக்கே பொருந்தாதவை. அவை வாசிக்காமலே விடையெழுதும் வழியைத்தான் பழக்குகின்றன. அதனால் மிகுதியாக இழப்பவர்கள், பல மொழிகளுக்கிடையே வளர்ந்து, அந்த வரையறைகளைச் சோதித்துப் பார்க்கும் கருவிகளை ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் பிள்ளைகள்.

தேஹு ரோடு அத்தகைய பிள்ளைகளின் ஊர். புனே–லோனாவளா புறநகர் ரயில் பாதையில், படைக்கலக் கிடங்குகளைச் சுற்றி வளர்ந்த கன்டோன்மென்ட் பகுதி அது. 1954 டிசம்பர் 25 அன்று அம்பேத்கர் புத்தர் சிலையை நிறுவிய இடம். துக்காராம் பிறந்த தேஹு அருகிலேயே இருக்கிறது. வேலை தேடி வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே உண்டு. அவ்வீட்டுப் பிள்ளை வீட்டில் தமிழும் தெருவில் மராத்தியும் குடியிருப்பில் இந்தியும் பேசிவிட்டுப் பள்ளியில் ஆங்கிலம் படிக்கிறது. கேந்திரிய வித்யாலயத்தில் சேர்ந்தால் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல். மாநில வாரியப் பள்ளியில் சேர்ந்தால் பத்தாம் வகுப்பில் கவிதை நயம் பாராட்டும் வினா. அதற்குத் தலைப்பு, கவிஞர் பெயர், ரைம் ஸ்கீம், ஓர் அணி, மையக்கருத்து என்று வரிசையாக நிரப்ப வேண்டும். எந்தப் பள்ளியானாலும் கையில் வரும் தாள் ஏறத்தாழ ஒன்றே.

முதலில் சிமிலி. “லைக் அல்லது ஆஸ் வந்தால் சிமிலி, வராவிட்டால் மெட்டஃபர்.” இந்தியப் பள்ளிகளில் இதைவிடப் பரவலாகச் சொல்லப்படும் இலக்கிய விதி வேறு இருக்க முடியாது. ஆனால் ‘இட் லுக்ஸ் லைக் ரெயின்’ என்ற வாக்கியத்தில் லைக் இருக்கிறது, உவமை இல்லை. ஒரு பெண் தன் தாயைப் போல இருக்கிறாள் என்பதிலும் அச்சொல் இருக்கிறது. அது முகச்சாயலைப் பற்றிய நேரான செய்தி. ஆஸ் காலத்தையும் காரணத்தையும் காட்டும் இடைச்சொல்லாக எத்தனையோ வாக்கியங்களில் வருகிறது. மறுபுறம், ‘ஸ்னோ ஒயிட்’ என்ற தொகைச்சொல்லில் லைக்கும் இல்லை, ஆஸும் இல்லை; பனியைப் போன்ற வெண்மை என்ற ஒப்பீடு மட்டும் முழுமையாக இருக்கிறது. விதி இரு பக்கமும் உடைகிறது.

தமிழ் பேசும் பிள்ளைக்கு இதை விளக்க இலக்கண நூல் வேண்டியதில்லை. ‘மழை வரும்போல இருக்கிறது’ என்று அது நாள்தோறும் கேட்கிறது. அங்கே ‘போல’ உவம உருபு அன்று, ஊகத்தைக் காட்டும் சொல். கயல்விழி, தேன்மொழி என்ற பெயர்களில் உருபே இல்லை; கயல் போன்ற விழியும் தேன் போன்ற மொழியும் அவற்றுள் அடங்கியிருக்கின்றன. இன்னும் ஒரு படி மேலே சென்றால், ‘மலர்முகம்’ உவமைத்தொகை, ‘முகமலர்’ உருவகம். இரண்டிலும் உருபு கிடையாது. வேறுபாட்டை உண்டாக்குவது சொற்களின் வரிசை. உருபைத் தேடிக் கண்டுபிடிக்கும் விதியை மட்டும் வைத்திருப்பவர் இந்த இணையின் முன் ஊமையாகி நிற்பார். வரிசையை மாற்றியபோது முகம் எப்போது மலருக்கு ஒப்பாகிறது, எப்போது மலராகவே ஆகிறது என்று கேட்பவருக்கு சிமிலிக்கும் மெட்டஃபருக்கும் உள்ள உறவு விளங்கிவிடும். அரிஸ்டாட்டிலும் தம் சொற்கலை நூலில் உவமையும் ஒரு வகை உருவகமே, வேறுபாடு சிறிது என்றுதான் எழுதினார். மேற்கின் மூலநூல் சிறிது என்று சொன்ன வேறுபாட்டை, ஒரு மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் பெருஞ்சுவராக எழுப்பியது பள்ளி.

இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதும் மறைபொருள் அன்று. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலச் சொற்கலைக் கையேடுகள் அணிகளை எண்ணிட்டு வகுத்தன. பம்பாய் மாகாணக் கல்விப் பணியில் இருந்த பி. சி. ரென், ஹெச். மார்ட்டினுடன் சேர்ந்து 1930களில் தந்த இலக்கண நூல் அந்த வகுப்பை இந்தியப் பள்ளிகளில் நிலைநிறுத்தியது. எழுதப்பட்ட காலத்தில் அதற்கு ஒரு பயன் இருந்தது. பிறகு வந்த கைடுகளும் டைஜஸ்டுகளும் அதிலிருந்து விளக்கத்தை உதிர்த்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டன.

இதே பிள்ளை மராத்தி வகுப்பில் உபமா, ரூபக், அனுப்ராஸ், யமக் என்று அலங்காரங்களைப் படிக்கிறது. வீட்டில் யாரேனும் தமிழ் படித்தவர் இருந்தால் உவமை, உருவகம், மடக்கு என்ற பெயர்களைக் கேட்டிருக்கும். இவை ஒன்றுக்கொன்று உறவுடையவை. காஞ்சிப் பல்லவர் அவையோடு தொடர்புபடுத்தப்படும் தண்டியின் காவியாதர்சம் தமிழில் தண்டியலங்காரமாகவும் கன்னடத்தில் கவிராஜமார்க்கமாகவும் சிங்களத்தில் சியபஸ்லகரவாகவும் உருமாறியது. திபெத்திய மொழிக்கும் சென்றது. அந்நூலை எஸ். கே. பெல்வல்கர் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1924இல் வெளியிட்டது இதே புனேயிலிருந்துதான். இத்தனை பாலங்கள் இருந்தும், ஒரே பள்ளியில், ஒரே நாளில், மூன்றாவது பாடவேளையில் படித்த உபமாவுக்கும் ஐந்தாவது பாடவேளையில் படித்த சிமிலிக்கும் தொடர்பு உண்டு என்று யாரும் அப்பிள்ளைக்குச் சொல்வதில்லை.

அடுத்து ஒலி. “அடுத்தடுத்த சொற்கள் ஒரே எழுத்தில் தொடங்கினால் அலிட்டரேஷன்” என்கிறது தாள். எழுத்து வேறு, ஒலி வேறு என்பது மொழியியலின் முதல் பாடம். ‘சிட்டி’யும் ‘கேட்’டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, ஒலியால் ஒன்றவில்லை. ‘ஃபோன்’, ‘ஃபேன்’ இரண்டும் வெவ்வேறு எழுத்தில் தொடங்கி ஒரே ஒலியைத் தருகின்றன. ரைமிலும் இதே குழப்பம். ‘லவ்’, ‘மூவ்’ என்ற சொற்களின் இறுதி எழுத்துகள் ஒத்திருப்பதால் கண்ணுக்கு இயைபு தெரிகிறது, காதுக்கு இல்லை. கவிதையை உரக்க வாசிக்காமல் கடைசி எழுத்துகளைப் பார்த்து ஏ-பி-ஏ-பி என்று குறிக்கும் மாணவர் செய்வது எழுத்துகளை எண்ணும் வேலை மட்டுமே.

தமிழில் இவற்றுக்கு மோனை, எதுகை என்று பெயர் எழுதிவிட்டால் பணி முடிந்தது என நினைக்கும் சொற்பட்டியல்களும் குற்றவாளிகளே. மோனையில் சகரத்துக்குத் தகரமும் மகரத்துக்கு வகரமும் ஞகரத்துக்கு நகரமும் இனமாகும். அலிட்டரேஷனில் அத்தகைய இன ஏற்பாடு கிடையாது. எதுகை சீரின் இரண்டாம் எழுத்தில் நிற்பது. ஆங்கில ரைம் சொல்லின் கடைசி அழுத்த உயிரிலிருந்து இறுதிவரை ஒலிப்பது. அதற்கு அருகில் நிற்கும் தமிழ்ச் சொல் இயைபு. துக்காராமின் அபங்கங்களில் பெரிதும் காணப்படும் வடிவம் இன்னொரு விதம்: ஆறு, ஆறு, ஆறு, நான்கு எழுத்துகளாக அமையும் நான்கு துண்டுகளில் இரண்டாவதும் மூன்றாவதும் இயையும், நான்காவது தனியே நிற்கும். பல்லக்கு புறப்படும் நாள்களில் அந்த ஓசை தேஹு ரோட்டுப் பிள்ளையின் காதில் விழுகிறது. அடியின் தொடக்கத்தில், அடியின் நடுவில், அடியின் இறுதியில் என மூன்று இடங்களில் ஒலி ஒன்றும் என்று அறிந்த காது அது. அதனிடம் அடியின் இறுதியை மட்டும் பார்க்கச் சொல்லும் தாள், அந்தக் காதை அடைத்துவிட்டுத்தான் பாடம் தொடங்குகிறது.

இனி வாசிப்புச் சொற்கள். இங்கேதான் தீங்கு பெரிது. என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு ‘ஃபர்ஸ்ட் ஃப்ளைட்’ நூலில் பல்லாண்டுகளாக முதலில் நிற்கும் கவிதை ராபர்ட் ஃப்ராஸ்டின் ‘டஸ்ட் ஆஃப் ஸ்னோ’. 1923இல் வெளியான ‘நியூ ஹாம்ப்ஷயர்’ தொகுப்பில் உள்ளது. எட்டு அடிகள், ஒரே வாக்கியம். ஹெம்லாக் மரத்திலிருந்து காகம் ஒன்று உதிர்த்த பனித்தூள், கீழே இருந்தவரின் மனநிலையை மாற்றி, வீணாகிவிட்டதாக நினைத்த நாளின் ஒரு பகுதியை மீட்டுத் தருகிறது. அவ்வளவுதான் நிகழ்ச்சி. பாடநூல் ஹெம்லாக்குக்குத் தரும் சொற்பொருள்: வெண்ணிறச் சிறு பூக்கள் உடைய நச்சுச் செடி அல்லது மரம். பின்னர் வரும் வினா: காகமும் ஹெம்லாக்கும் குறிப்பது மகிழ்ச்சியையா, துயரத்தையா? கைடுகள் விடையை வரிசையாகத் தருகின்றன: காகம் அபசகுனம், ஹெம்லாக் நஞ்சு, ஆகவே இரண்டும் துயரத்தின் சிம்பல்.

சாக்ரடீஸ் அருந்திய நஞ்சைத் தரும் ஹெம்லாக் வேறு. அது கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த, வெண்பூக் கொத்துகள் உடைய செடி. ஃப்ராஸ்ட் வாழ்ந்த நியூ இங்கிலாந்தின் காடுகளில் நிற்கும் ஹெம்லாக், பைனுக்கும் ஸ்ப்ரூஸுக்கும் உறவான ஊசியிலை மரம். அதில் பூங்கொத்து கிடையாது, கூம்புகள் உண்டு. அது நச்சு மரமும் அன்று. பெயர் ஒன்றாயிருப்பதால் செடியின் நஞ்சு மரத்தின் மேல் ஏறிவிட்டது. ஒரு நாடு முழுவதும் உள்ள பத்தாம் வகுப்பு மாணவர்கள், இல்லாத நஞ்சிலிருந்து ஒரு சிம்பலை வடித்தெடுத்து விடைத்தாளில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கத் தாவரவியல் தேவையில்லை. திருப்புதல் தாளில் இன்ஃபரன்ஸ் என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைச் செய்தாலே போதும். காகம் அமர வேண்டும். அதன் அசைவில் பனி உதிர வேண்டும். அது கீழே இருப்பவர் மேல் விழ வேண்டும். குளிர்காலத்திலும் பனியைத் தாங்கும் கிளைகள் கொண்ட, ஆளுக்கு மேலே உயர்ந்த ஒன்றுதான் அங்கே நிற்க முடியும். கவிதையே மரம் என்கிறது. வெண்பூச் செடி அந்தக் காட்சியில் பொருந்தாது. ‘வாசகத்திலுள்ள சான்றுகளைக் கொண்டு வெளிப்படையாகச் சொல்லப்படாததை உய்த்தறிதல்’ என்று இன்ஃபரன்ஸுக்கு வரையறை எழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவரிடம், அந்தச் செயலைச் செய்து பார்க்க ஒருமுறைகூட யாரும் கேட்கவில்லை.

காகத்தின் கதையும் அதுவே. தமிழ் வீட்டில் சமைத்த சோற்றின் முதல் பிடி காகத்துக்கு. காகம் கரைந்தால் விருந்து வரும். அந்த நம்பிக்கையைப் பாடியதாலேயே நச்செள்ளையார் காக்கைபாடினியார் என்று பெயர் பெற்றார். அவர் பாடல் குறுந்தொகையில் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் இறந்தவருக்கான பத்தாம் நாள் சடங்கில் காகம் பிண்டத்தைத் தொட்டால்தான் வந்தவர்களுக்கு மனநிறைவு. இவ்விரண்டையும் அறிந்த பிள்ளையிடம் காகம் என்றால் அபசகுனம் என்று எழுதச் சொல்வது, அதன் அனுபவத்தை அழித்துவிட்டு வேறொருவரின் மரபை இயற்கை விதியாகத் தருவது. ஆங்கில மரபில் காகத்துக்கு இருண்ட பெயர் உண்டு; கவிதை அந்தப் பெயரோடு விளையாடுகிறது என்று வாசிக்க இடமும் உண்டு. அப்படியானால் அதை அம்மரபின் செய்தியாகச் சொல்ல வேண்டும். பிள்ளையின் காகத்தையும் அதன் அருகில் வைக்க வேண்டும். ஒரு பொருள் எந்தச் சமூகத்தில், எந்தப் பாடலில், எதைக் குறிக்கிறது என்று கேட்பதே சிம்பலைப் படிப்பது. காகம் சமம் துயரம் என்று எழுதுவது அகராதியை நிரப்புவது.

அதே நூலில் கார்ல் சாண்ட்பர்கின் ‘ஃபாக்’ என்ற ஆறடிக் கவிதையும் உண்டு. மூடுபனி அங்கே பூனையாகிறது. பெர்சானிஃபிகேஷன் என்று விடை எழுதித் தரும் கைடுகள் இருக்கின்றன. பூனை மனிதன் இல்லையே என்று ஒரு மாணவர் கேட்டால் தாளில் பதில் இல்லை. மராத்தி இலக்கணம் இவ்வணிக்கு வைத்துள்ள பெயர் சேதனகுணோக்தி. சொல்லின்படி, உணர்வுள்ள உயிரின் குணத்தை ஏற்றிச் சொல்வது. பூனைக்கு அது ஆங்கிலப் பெயரைவிட நன்றாகப் பொருந்துகிறது. தொல்காப்பிய உவமவியல் வேறொரு கேள்வியைத் தருகிறது: ஒப்புமை எதில்? வினையிலா, பயனிலா, வடிவிலா, நிறத்திலா? இதைக் கேட்டவுடன், சாண்ட்பர்க் பூனையின் நிறத்தையோ வடிவத்தையோ எடுத்துக்கொள்ளவில்லை, அதன் ஓசையற்ற நடையையும் இருப்பையும் எடுத்துக்கொண்டார் என்பது புலப்படும். வினையுவமம் என்று பெயரிடுவது அதன்பின் எளிது, பெயரிடாவிட்டாலும் இழப்பில்லை.

இவ்விடத்தில் ஒரு பெருமிதம் எட்டிப்பார்க்கும்: எல்லாம் தமிழில் முன்பே இருந்தன. அதுவும் சோம்பலின் இன்னொரு முகம். தமிழ் வகுப்பறை இந்தக் குற்றத்திலிருந்து விலகி நிற்கவில்லை. “இக்குறளில் பயின்று வந்துள்ள அணி யாது?” என்ற வினா, சிமிலி வினாவின் உடன்பிறப்பு. வஞ்சப்புகழ்ச்சி என்று எழுதினால் போதும். யார் புகழப்படுகிறார், அந்தப் புகழ்ச்சி எந்தச் சொல்லில் கவிழ்கிறது என்று எவரும் கேட்பதில்லை. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் ஈடு தேடியபோதும் அவசரமே ஆண்டது. தீமுக்குக் கருப்பொருள் என்று எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. அகப்பொருள் மரபில் கருப்பொருள் என்பது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை முதலியன. பாடலின் உள்ளீடான ஒழுக்கத்துக்கு உரிப்பொருள் என்று தனிப்பெயர் இருக்கிறது. இரு மொழியும் படிக்கும் மாணவர் குறிஞ்சியின் கருப்பொருளைத் தீம் என்று நினைத்துக் குழம்பினால் பிழை அவருடையதாகாது.

தொல்காப்பியத்தின் செய்யுளியலில் கற்கத்தக்கது அதன் பழமையைவிட அதன் கேள்விகளே. செய்யுள் உறுப்புகளாக அது எண்ணும் 34இல் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பனவும் உள்ளன. யார் பேசுகிறார், யாரிடம், எங்கே, எப்போது, எதற்காக, எந்த உணர்வோடு, எதைச் சொல்லாமல் விட்டு. இச்சொல்லை இன்னாரிடம் இன்னார்தான் சொல்லியிருக்க முடியும் என்பதை எதிலிருந்து அறிவது. பாயிண்ட் ஆஃப் வியூ, செட்டிங், பர்ப்பஸ், டோன், இன்ஃபரன்ஸ் என்று தாளில் சிதறிக்கிடப்பவை இங்கே ஒரு வாசகர் வரிசையாகக் கேட்கும் வினாக்களாக நிற்கின்றன. ஃப்ராஸ்டின் எட்டு அடிகளுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும்; அபங்கத்துக்கும் பொருந்தும்.

எதிர்வாதங்கள் இருக்கின்றன; அவை நேர்மையானவை. முதலாவது: பெயர்கள் வேண்டும், பொதுக் கலைச்சொல் இல்லாமல் இலக்கியத்தைப் பற்றிப் பேச முடியாது. உண்மை. ஆனால் பெயர் வாசிப்பின் முடிவில் வருவது. நோயறியாமல் மருந்தின் பெயரை மனனம் செய்தவரை மருத்துவர் என்று எவரும் அழைப்பதில்லை. இரண்டாவது: நெரிசலான வகுப்பில், முதல் தலைமுறையாக ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்குத் திருப்புதல் தாள் உறுதியான சில மதிப்பெண்களைப் பெற்றுத் தருகிறது, அதைப் பறிப்பது வசதி படைத்தவரின் வாதம். இதுவே கனமான வாதம். ஆனால் அத்தாள் அப்பிள்ளையைப் பத்தாம் வகுப்பு வரைதான் கொண்டுசெல்லும். பெயர் தெரியாத கவிதை ஒன்று கல்லூரியில் முன்வைக்கப்படும் நாளில், வீட்டில் ஆங்கிலப் புத்தகம் உள்ளவர் வாசித்துவிடுவார். தாளை நம்பியவர் தேங்கி நிற்பார். ‘ஆங்கிலத்தில் பலவீனம்’ என்ற முத்திரை அவர்மேல் விழும். ஏழைப் பிள்ளைக்குக் குறுக்குவழியை மட்டும் தந்துவிட்டு நெடுவழியை மற்றவர்க்கு விட்டுவைப்பதற்குப் பெயர் கருணை ஆகாது.

பெயரறிவு வாசிப்பறிவு ஆகாது என்பது புதிய கண்டுபிடிப்பும் அன்று. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளைத் தந்து, அவர்கள் எழுதியவற்றை 1929இல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ நூலாக ஆராய்ந்தார். தேர்ந்த கல்வி பெற்றவர்கள் தடுக்கி விழுந்த இடங்களில் அவர் முதலாவதாக எண்ணியது கவிதையின் நேர்ப்பொருளையே புரிந்துகொள்ளாமை. அந்த நூலை ஆங்கில முதுகலையில் அனைவரும் படிக்கிறார்கள். எப்படிப் படிக்கிறார்கள்? யு.ஜி.சி. நெட் தேர்வு முழுவதும் கொள்குறி வினாக்களால் ஆனது. அதற்காக ரிச்சர்ட்ஸ் என்ற பெயரையும் நூற்பெயரையும் ஆண்டையும் பொருத்தப் பழகுகிறார்கள். பட்டியலுக்கு எதிரான நூலே பட்டியலில் ஒரு வரியாகிவிட்டது. அப்படித் தேறியவர் நாளை ஆசிரியராகும்போது தாளைத் தவிர வேறெதைத் தருவார்? பள்ளி ஆசிரியரைக் குறைகூறும் முன் பல்கலைக்கழகத் துறைகள் இந்தச் சங்கிலியில் தம் கண்ணியைப் பார்க்க வேண்டும்.

செய்யத்தக்கவை எளியவை. ஹெம்லாக்கின் சொற்பொருளைத் திருத்த ஒரு வரி போதும். ‘லைக்–ஆஸ்’ விதியை இனி விதியாகக் கற்பிக்காதிருக்கலாம். தேடத் தொடங்கும் இடம் என்று மட்டும் சொல்லலாம். கலைச்சொல் தாளில் இரண்டு காலி நிரல்களை விட்டு, வீட்டு மொழியிலும் தெரு மொழியிலும் இதற்கு ஒத்தது எது, எங்கே ஒத்துப்போகவில்லை என்று மாணவரையே நிரப்பச் சொல்லலாம். இருமொழி அணுகுமுறையை 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையே ஊக்குவிக்கிறது. புதிய ஆணை எதற்கும் காத்திருக்க வேண்டாம். மதிப்பீட்டில் பெயருக்குக் குறைவாகவும் விளக்கத்துக்கு மிகுதியாகவும் மதிப்பெண் ஒதுக்கலாம். பெயர் தவறியும் விளக்கம் சரியாக இருந்தால் அந்த மாணவரைத் தோற்றவராக எண்ணாதிருக்கலாம்.

அதுவரை எந்த ஆசிரியரும் எவருடைய அனுமதியுமின்றி வகுப்பில் கேட்கக்கூடிய வினா ஒன்று உண்டு: இந்த ஒப்பீட்டை எடுத்துவிட்டுச் செய்தியை மட்டும் எழுதினால், கவிதையில் எது காணாமற்போகிறது? தாளை மனனம் செய்தவர் அதற்கு விடை தேடி மீண்டும் கவிதைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.